ஆறு பேருக்கு மட்டும்

வாழ்ந்து கெட்டவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊர் ஒரு சட்டமே வைத்திருக்கிறது. குனிந்து நடக்க வேண்டும். கடையில் ஓரமாக நிற்க வேண்டும். யாராவது “எப்படி இருக்கீங்க” என்று கேட்டால் தொண்டை கம்ம “ஏதோ இருக்கோம்” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களை ஊர் தங்கமானவர்கள் என்று மெச்சிவிட்டு, மறுநாளே மறந்துபோகும். மில்லம்மாவுக்கு அந்தத் தங்கமான பெயர் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது மாதர் சங்கத்தின் தலைவி பதவி. அதை வெளியே சொல்லவும் அவள் கூச்சப்படவில்லை.

மில்லம்மா என்பது ஊர் வைத்த பெயர். கணவருடைய நூல் மில்லில் நானூறு பேர் வேலை பார்த்த காலத்தில் வைத்தது. மில் மூடியது, வீடு ஏலத்துக்குப் போனது, கார் போனது, தோட்டத்து ஊஞ்சலைக்கூட இரண்டு ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். பெயர் மட்டும் போகவில்லை. ஏலக்காரனால் தூக்க முடியாத சாமான் அது ஒன்றுதான்.

ஒன்பது வருடம் அவள்தான் சங்கத்துக்குத் தலைவி. மில் மூடிய மாதமே சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. “தங்களுடைய தற்போதைய சூழ்நிலையில் தங்களுக்கு ஓய்வு தேவைப்படும் என்று சங்கம் உணர்கிறது.” ஓய்வு வேண்டும் என்று இவள் யாரிடம் கேட்டாள்? யாரிடமும் கேட்கவில்லை. அதே கூட்டத்தில் புதுத் தலைவியாக இவளுடைய ஓரகத்தியை உட்கார வைத்தார்கள். கணவருடைய தம்பி பெண்டாட்டி. தம்பி இரண்டு வருடத்துக்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்டு போய், டைல்ஸ் வியாபாரத்தில் கொழித்துக்கொண்டிருந்தார்.

பதவி போனதைக்கூட மில்லம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஓரகத்தி மேடையில் மைக்கைப் பிடித்து, “எங்க அக்காவுக்குப் பாவம், எவ்வளவு கஷ்டம். நாமெல்லாம் அவங்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிக்கலாம்” என்றாளாம். செத்தவர்களுக்கு நிற்பதுபோல நாற்பது பேரும் எழுந்து நின்றார்களாம். இதைக் கேட்ட அன்று மில்லம்மா சாப்பிடவில்லை.

“அடுத்த வருஷத் தேர்தல்ல நான் நிப்பேன்” என்றாள் கணவரிடம்.

மில்லுக்காரர் அப்போது உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நானூறு பேரை வேலை வாங்கிய மனிதர், அந்த வருடம்தான் சமையல் கற்றுக்கொண்டார். அவர் செய்ததில் உருப்படியான காரியம் அது என்று மில்லம்மா பின்னால் சொல்லுவாள்.

“நிக்கிறது நீ நிப்பே. கை தூக்க ஆள் வேணுமே.”

“வரவழைக்கணும்.”

“எங்கே, இங்கயா?”

அவர் சுற்றிப் பார்த்தார். அவளும் பார்த்தாள். லாண்ட்ரிக்கு மேலே இரண்டு அறை. கீழே பத்து பேர் இஸ்திரி போட்டால் மேலே தரை சுடும். சுவரெல்லாம் கஞ்சி வாசனை. படிக்கட்டில் ஒரு ஆள் ஏறினால் எதிரில் வருகிறவர் திரும்பிப் போக வேண்டும். உட்காரச் சொல்வதற்கு ஒரு டிரங்குப் பெட்டிதான் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மனதை மூடவில்லை.

அடுத்த வாரம் பிரம்பு பின்னுகிறவர் ஒரு தள்ளுவண்டியோடு வந்து நின்றார். பழைய வீட்டுச் சாப்பாட்டு அறையில் இருபத்து நான்கு நாற்காலி கொண்ட செட் ஒன்று இருந்தது. அதில் ஆறு, பிரம்பு கிழிந்து பின்னுவதற்காக இவரிடம் போயிருந்தன. ஏலத்தின்போது வீட்டில் இல்லாததால் பட்டியலிலும் ஏறவில்லை. “வேலை முடிஞ்சு போச்சும்மா, நீங்க வந்து கேட்கவேயில்ல” என்றார் அவர். மில்லுக்காரர் மனசாட்சி உறுத்தி ஏல அதிகாரியைப் போய்க் கேட்டார். “ஆறு நாற்காலிக்காக நான் மறுபடி ஒரு ஃபைல் திறக்கணுமா? கொண்டுபோங்க சார்” என்று கும்பிட்டாராம் அதிகாரி.

ஆறையும் வட்டமாகப் போட்டால் முன் அறை முடிந்துவிட்டது. டீ கொடுக்கிறவள் உட்கார இடமில்லை. மில்லம்மா டிரங்குப் பெட்டியைக் கதவோரம் இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அந்த ஆறையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆறு சீட்டு எழுதினாள். வியாழக்கிழமை, மாலை நான்கு மணி, டீ.

அழைத்த ஆறு பேரும் வந்தார்கள். பாசத்தில் வந்தார்கள் என்று நினைத்தால் உங்களைப்போல் அப்பாவி கிடையாது. நொடித்த வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தார்கள். ஜட்ஜ் வீட்டம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, சுவரையும் கூரையையும் அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மில்லம்மா “இடம் சின்னதுதான், மன்னிக்கணும்” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு விதமான டம்ளர்களில் டீயை ஊற்றி, அரண்மனையில் கொடுக்கிறவள்போலக் கொடுத்தாள்.

வினை ஏழாவது ஆளாக வந்தது. ஜட்ஜ் வீட்டம்மாவின் நாத்தனார், கூப்பிடாமலே பின்னால் ஏறி வந்துவிட்டாள். அவளை எங்கே உட்கார வைப்பது? டிரங்குப் பெட்டியைக் காட்டவா? மில்லம்மா அவமானத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“இன்னிக்கு ஆறு பேர்தான். உங்களுக்கு அடுத்த வாரம் எழுதறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே போய்ப் பாத்திரம் வைக்கிற சாக்கில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வந்தவளை வாசலோடு அனுப்பியாயிற்று, இனி யார் இந்தப் படி ஏறுவார்கள் என்று நினைத்தாள்.

நாத்தனார் கீழே இறங்கியவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நாலு வீட்டுக் கதவைத் தட்டினாள். “என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா பாருங்களேன். ஆறு பேருக்கு மேல சேர்க்கிறதில்லையாம். எழுதினாத்தான் வரணுமாம்.” கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் கேட்டவர்களுக்குக் கோபம் வரவில்லை. நமக்கு எழுதுவாளா என்ற கவலை வந்தது. இந்த மனுஷ ஜாதியை என்னவென்று சொல்வது? கதவைத் திறந்து வைத்தால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சாத்தினால் சந்தில் கண்ணை வைப்பார்கள்.

மூன்றாம் வாரத்தில் மில்லம்மாவுக்கே விஷயம் புரிந்தது. கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்கள் ஓரமாக ஒதுங்காமல் அருகில் வந்தார்கள். பாங்க் மேனேஜர் வீட்டம்மா, “வியாழக்கிழமைன்னா எனக்கு எந்த வேலையும் கிடையாது” என்று கேட்காமலே சொன்னாள். மில்லம்மா வீட்டுக்கு வந்து கணவரிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினாள். மில் மூடிய பிறகு இருவரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வெறும் பவிசு மட்டும் என்றால் அது ஒரு மாதத்தில் புளித்திருக்கும். நடந்தது வேறு. முழங்காலோடு முழங்கால் இடிக்க ஆறு பேர் உட்கார்ந்தால் ஒரே பேச்சுத்தான் பேச முடியும். அதை எல்லாரும் கேட்டாக வேண்டும். ஒருநாள் டாக்டர் வீட்டம்மா, ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் நோயாளிகள் வெயிலில் மயங்கி விழுவதைச் சொன்னாள். எதிரில் எஞ்சினியர் வீட்டம்மா உட்கார்ந்திருந்தாள். அங்கே கூரை போடக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவளுடைய கணவர்தான். சங்கம் இதைப் பற்றி மூன்று முறை தீர்மானம் போட்டிருக்கிறது. மைக்கில் வாசித்தபோது எஞ்சினியர் வீட்டம்மா பின் வரிசையில் யாருடனோ தையல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாளாம். “இது எனக்குத் தெரியவே தெரியாதே” என்றாள் இப்போது. இரண்டு மாதத்தில் கூரை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மில்லம்மா சீட்டு எழுதுவதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டாள். யாருக்கு எது தெரியும், யாரால் எது முடியும், யாரோடு யார் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. யாரை யாருக்கு எதிரில் போடலாம் என்று இரண்டு நாள் யோசிப்பாள். அந்த முன் அறையில் ஒரு நர்சுக்கு வேலை கிடைத்தது. மூன்று வருடமாக முகம் பார்க்காத இரண்டு சம்பந்திகள் ஒரு பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

“பெரிய வீட்டுல நூறு பேருக்கு விருந்து வச்சேன்” என்றாள் கணவரிடம். “ஒருத்தி பேசினது என் காதுல விழுந்ததில்ல. எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பார்த்தேன், என் புடவையைப் பார்த்தாங்களான்னு பார்த்தேன். இப்பத்தாங்க எனக்கு இந்த வேலை தெரியுது.”

“அப்போ தலைவி பதவி வேண்டாமா?”

“நல்லா இருக்கே. இப்பத்தான் வேணும்.”

ஓரகத்திக்கு இதெல்லாம் போய்ச் சேராமல் இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சங்கத்துக் கூட்டங்களில் தலைகள் குறைந்தன. வருகிறவர்களும் வியாழக்கிழமைப் பேச்சையே பேசினார்கள். இத்தனை மாதத்தில் அவளுக்கு ஒரு சீட்டு வரவில்லை. இதில் மில்லம்மாவின் குசும்பு இருந்தது, நான் மறைக்கவில்லை. தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை ஓரகத்தி தன் துருப்பை இறக்கினாள்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு லாண்ட்ரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே பதினெட்டு நாற்காலி. பழைய சாப்பாட்டு அறைச் செட்டின் மிச்சம். ஏலத்தில் எடுத்தது யார் என்று அன்றுதான் மில்லம்மாவுக்குத் தெரிந்தது. டிரைவர் ஒரு கடிதம் கொடுத்தார். “அக்கா, நாற்காலி இல்லாம நீங்க எல்லாரையும் திருப்பி அனுப்பறதா கேள்விப்பட்டு மனசு கேட்கல. மிச்சத்தை அனுப்பியிருக்கேன். இன்னிக்கு நாலு மணிக்கு உங்க வீட்டுல எல்லாருக்கும் டீன்னு சங்கத்துல அத்தனை பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். நானும் வர்றேன்.”

கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். ஆறு பேர் மட்டும் என்ற பவிசும் போய்விடும். நாற்பது பெண்கள் அந்தக் குறுகிய படிக்கட்டில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். கூப்பிட்டுவிட்டு உட்கார வைக்க வக்கில்லாத வீடு என்று ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில் ஊரே சொல்லும். இந்தத் தேர்தலும் போச்சு, இனி வருகிற எல்லாத் தேர்தலும் போச்சு.

மில்லம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏலத்தன்று அழாதவள் அன்று அழுதாள். ஒரு வருடம் ஒவ்வொரு சீட்டாக எழுதிக் கட்டியதை ஒரு வேன் வந்து இடித்துவிட்டதே என்று அழுதாள். மில்லுக்காரர் கையில் டீத்தூள் டப்பாவோடு மேலே நின்றார்.

லாண்ட்ரிக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்தார். “அம்மா, இந்த நாற்காலியை எங்கே இறக்கறது? வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. டெலிவரிக்கு வர்றவங்க டோக்கனை வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறாங்க.”

“என்ன டோக்கன்?”

“துணி போட்டா நம்பர் டோக்கன் கொடுப்போம்ல. கூப்பிடற வரைக்கும் காத்திருப்பாங்க. டோக்கன் கையில இருந்தா மனுஷங்க சண்டை போடமாட்டாங்கம்மா. இருபது வருஷமா பார்க்கிறேன்.”

மில்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“உங்ககிட்ட மிச்சம் இருக்கிற டோக்கன் எல்லாத்தையும் ரெண்டு மணி நேரத்துக்குக் கொடுங்க” என்றாள். “உங்க ஆளுங்களுக்கு நாலு மணிக்குப் போடற டீ இருக்கே, அந்தப் பெரிய கெட்டில். அதையும் கொடுங்க. இன்னிக்கு அவங்களுக்கும் சேர்த்து என் வீட்டுக்காரர் போடுவார்.”

லாண்ட்ரி வாசலில் நீளமாகத் தகரக் கூரை உண்டு. அதன் அடியில் பதினெட்டு நாற்காலியையும் மூன்று வட்டமாகப் போட்டார்கள். மேலே ஒரு வட்டம், கீழே மூன்று, வட்டத்துக்கு ஆறு பேர். தகரத்தில் நம்பர் அடித்த டோக்கன்களை மில்லம்மா முந்தானையில் கொட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்து அடுக்கினாள். ஒரு வாரத்துக்கு ஆறு பேரை யோசிக்கிறவள், கால் மணியில் நாற்பது பேரையும் யோசித்தாள். ஜட்ஜ் வீட்டம்மாவையும் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்டிரஸையும் ஒரு வட்டத்தில் போட்டாள். அனாதை விடுதிக்காரியையும் மளிகை மண்டி வீட்டம்மாவையும் இன்னொன்றில்.

நாலு மணிக்குப் பெண்கள் தெருவில் திரண்டார்கள். வந்து திகைத்து நின்றார்கள். மில்லம்மா ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டோக்கன் கொடுத்தாள். “உங்க வட்டம் அது. கால் மணிக்கு ஒருமுறை மணி அடிப்பேன். ஒரு வட்டம் மேல வரும், மேல இருக்கிறவங்க இறங்கி வருவாங்க.” இருபத்து நான்கு பேர் வந்தார்கள். இருபத்து நான்கு நாற்காலியும் நிரம்பின. மேலே போகிற முறை எப்போது வரும் என்று டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டிகள் புஸ்ஸென்று ஆவி விட்டன. அந்தச் சத்தத்துக்கு மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஓரகத்தி நாலரை மணிக்கு வந்தாள். கூத்து உச்சத்தில் இருக்கும்போது வர வேண்டும் என்று நேரம் பார்த்து வந்திருந்தாள். அவள் அனுப்பிய வேனே வழியை அடைத்து நின்றதால் கார் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவள், தான் ஏலத்தில் எடுத்த பதினெட்டு நாற்காலியிலும் தன் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்து, தலையை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பேசுவதைப் பார்த்தாள். ஒருத்தியாவது எழுந்திருக்க வேண்டுமே? “தலைவி வந்துட்டாங்க” என்றாள் ஒருத்தி, பேச்சோடு பேச்சாக. மற்றவர்கள் தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

லாண்ட்ரிக்காரருக்கு அவளைத் தெரியாது. “துணியாம்மா, டீயா?” என்று கேட்டார்.

“டீ” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இருபத்தஞ்சு” என்று ஒரு டோக்கனைக் கையில் வைத்தார். “கொஞ்சம் நிக்கணும். இடம் காலியானா கூப்பிடுவோம்.”

அவள் நின்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேனில் ஏற்றி, டிரைவர் வைத்து, போன் போட்டு ஆள் கூட்டி அதை வைத்துக்கொண்டவளை அன்றுதான் அந்தத் தெரு பார்த்தது. கால் மணி நின்றுவிட்டு, டோக்கனைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேலேயிருந்து ஜன்னல் வழியாக மில்லம்மா அதைப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரு நிமிஷம் எழுந்து நின்ற நாற்பது பேரை நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். கைகளை எண்ண வேண்டியது பதவியில் இருக்கிற தலைவி என்பது சங்கத்து விதி. ஜட்ஜ் வீட்டம்மா எழுந்து மில்லம்மாவின் பெயரை முன்மொழிந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட அவளுடைய நாத்தனார் துள்ளி எழுந்து வழிமொழிந்தாள். ஓரகத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, தனக்கு எதிராகத் தூக்கிய கைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபதைத் தாண்டியபோது குரல் இறங்கியது. வந்திருந்தவர்கள் முப்பத்தாறு பேர். கை தூக்கியவர்கள் முப்பத்தொன்று.

மில்லம்மா எழுந்தாள். பின் வரிசையில், பெண்கள் கூட்டத்தில் ஒற்றை ஆணாக மில்லுக்காரர் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் கை தட்டிக்கொண்டிருந்தார். மில்லம்மா மேடையின் படி ஏறும்போது ஓரகத்தி இறங்கி வந்தாள். இரண்டு பேரும் ஒரே படியில் சந்தித்தார்கள்.

மில்லம்மா கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். வியாழக்கிழமை, மாலை நான்கு மணி, டீ. முந்தின நாளே எழுதி வைத்திருந்தாள்.

ஓரகத்தி அதை வாங்கிப் படித்தாள். கிழித்துப் போடுவாள் என்று முன் வரிசை எதிர்பார்த்தது. அவள் அதை இரண்டாக மடித்து, பர்ஸில் பத்திரமாக வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு யார் காதிலும் விழாதபடி குனிந்து கேட்டாள்.

“யார் யாருக்கு எழுதியிருக்கீங்க அக்கா? ஜட்ஜ் வீட்டம்மா வர்றாங்களா?”

“வந்து பாரு” என்றாள் மில்லம்மா.

சொல்லிவிட்டு மேடையேறி நட்டநடுவில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். செக்ரட்டரி மைக்கை அவள் பக்கம் நகர்த்தியபோது, “அதை எடுத்துடுங்க, எல்லாரும் கிட்ட வாங்க” என்றாள்.